புகை வராத வீடு

ஐந்து மாத வயிற்றைத் தள்ளிக்கொண்டு வீடு தேடுகிறவளுக்கு எந்த நிபந்தனையும் பெரிதாகத் தெரியாது. ஹவுஸ் ஓனரின் மனைவி ஒன்றே ஒன்றுதான் சொன்னார். சிகரெட் வாடை வந்தால் அன்றைக்கே காலி செய்ய வேண்டும். பக்கத்தில் ஓனர் தலையாட்டினார். லிஃப்ட் மெக்கானிக்கான என் கணவரும் தலையாட்டினார். இரண்டையும் நான் நம்பினேன்.

குடிவந்த வாரமே என்னவர் குளியலறைக்குள் ஊத ஆரம்பித்துவிட்டார். புகையெல்லாம் மேல் ஜன்னல் வழியாகப் போய்விடும் என்றார். போனது. அந்த ஜன்னலுக்கு வெளியே மாடிப்படி. தினமும் சாயங்காலம் ஓனர் அங்கே பேப்பரோடு உட்கார்ந்திருப்பார், பக்கத்தைப் புரட்டவே மாட்டார். மோப்பம் பிடிக்கிறார் என்று பயந்தேன். பிரசவ நேரத்தில் மூட்டை கட்டச் சொன்னால் எங்கே போவேன்? கணவரிடம் பிள்ளைமேல் சத்தியம் வாங்கினேன். மனிதர் கொஞ்ச நாள் தொட்டதற்கெல்லாம் எரிந்து விழுந்தார், ஆனால் விட்டுவிட்டார். எனக்குப் பெருமை தாங்கவில்லை.

அடுத்த வாரம் ஓனர் வந்து வீட்டைக் காலி செய்யச் சொன்னார். இப்போது வாடையே இல்லையே என்றேன், அழுகையை அடக்கிக்கொண்டு.

“அதாம்மா பிரச்சினை.”

மாடியை ஒருமுறை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். தன் இதய ஆபரேஷனுக்குப் பிறகு டாக்டர் சிகரெட்டை நிறுத்தச் சொல்லிவிட்டாராம். சம்சாரம் தினமும் வாயை ஊதச் சொல்லிப் பார்க்கிறாராம். நிபந்தனை போட்டது அந்த அம்மா, ஆளைப் பிடித்தது இவர்.

“உங்க வீட்டுக்காரர் விரல்ல இருந்த கறையைப் பார்த்துட்டுதான் வீட்டையே குடுத்தேன். இப்படி ஏமாத்துவீங்கன்னு நினைக்கலம்மா.”

எனக்கு வந்த ஆத்திரத்தில் அவரை அதே படியில் உருட்டிவிட்டிருப்பேன். ஆனால் வயிறு முன்னால் நின்றது. பிரசவம் வரைக்கும் பொறுங்கள் என்று கெஞ்சினேன். சாயங்காலம் ஒன்று போதும் என்றார்.

கணவரிடம் சொன்னால் சந்தோஷமாகத் திரும்ப ஆரம்பித்துவிடுவார். அவர் வேலையிலிருந்து வருவதற்குள் நானே ஒன்றை அடுப்பில் பற்றவைத்து, அந்த ஜன்னல் விளிம்பில் வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட வேண்டியதுதான்.

பெட்டிக்கடையில் ஒரு சிகரெட் கேட்டேன். கடைக்காரர் என் வயிற்றைப் பார்த்தார், பிறகு முகத்தைப் பார்த்தார்.

“எனக்கில்லண்ணே, ஹவுஸ் ஓனருக்கு.”

“பாவம்மா அந்தக் குழந்தை,” என்று சொல்லிக்கொண்டே எடுத்துக் கொடுத்தார்.

பாவம்தான். அது வந்து படுக்க ஒரு வீடு வேண்டுமே.