மற்றப் பக்கத்து டயர்

சனிக்கிழமை காலை, ஒக்லாந்து நகரத்து ஹென்டர்சனில் குணரத்தினத்தின் வீட்டு முற்றத்தில் தேங்காய் உடைக்க ஆட்கள் கூடியிருந்தார்கள். சாமிக்கு அல்ல, ஒரு கரவானுக்கு. காரின் பின்னால் கொளுவி இழுத்துக்கொண்டு போய், கடற்கரையில் நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டுப் படுத்தெழும்பலாம் என்கிற சில்லு வைத்த வீடு அது. போன கிழமை அதன் இடப்பக்கத்து டயர் நெடுஞ்சாலையில் வெடித்துவிட்டது. யாரோ கண் வைத்த கண்ணூறுதான் காரணம் என்று குணரத்தினம் முடிவு கட்டிவிட்டார். அவர் முடிவு கட்டினால் ஒக்லாந்துத் தமிழருக்குள் மறுத்துப் பேச ஆளில்லை.

ஆள் நல்லவர், அதில் குறை சொல்ல முடியாது. எண்பத்து மூன்றுக் கலவரத்துக்குப் பிறகு ஊரை விட்டு வந்திறங்கிய குடும்பங்களுக்கு வேலை தேடிக் கொடுத்தவர், வாடகைக்கு வீடு பார்த்துக் கொடுத்தவர், பள்ளிக்கூட விடுமுறைக்குத் தன் கரவானையும் சும்மா கொடுப்பவர். சங்கடமே அதுதான். சும்மா கொடுக்கிற மனிதரிடம் போய் உங்கள் சாமான் பழுது என்று எவர் சொல்வது?

போன கிழமை அதை இரவல் வாங்கிப் போனவர்கள் மவுண்ட் ஆல்பர்ட்டில் இருக்கும் மகேசனும் அவன் மனைவி புஷ்பவதியும். ஓரேவாக் கடற்கரையிலிருந்து திரும்பும்போது பின்னால் வெடிச்சத்தம் கேட்டது. கரவான் இடமும் வலமுமாக ஆடிக் காரையும் இழுத்தது. அந்த நேரம் பிரேக்கை அழுத்தக் கூடாது, காலை மெல்ல எடுக்க வேண்டும் என்று மகேசனுக்கு யாரும் சொல்லித் தந்ததில்லை. அவன் அழுத்தி மிதித்தான். கார் எதிரே வந்த லொறிக்குக் குறுக்கே போய், எப்படியோ தப்பி, ஓரப் புல்லில் நின்றது. பின் சீட்டில் இருந்த இரண்டு பிள்ளைகளும் அழக்கூட மறந்து போனார்கள். புஷ்பவதிக்கு முதலில் பயம், பிறகு கோபம். அந்தக் கோபம் இன்னும் இறங்கவில்லை.

அன்று உதவிக்கு வந்த டயர்க்கடைக்காரன் மறைக்காமல் சொன்னான். விடுமுறை நாட்களைத் தவிரக் கரவான் வருடம் முழுக்க வெயிலில் ஒரே இடத்தில் நிற்கிறது. அதிகம் ஓடாததால் டயரின் பல் தேயவில்லை, பார்த்தால் புதிது மாதிரித்தான் இருக்கும். ஆனால் ரப்பர் கிழடாகிப் பக்கவாட்டெல்லாம் வெடிப்பு விழுந்துவிட்டது. போதாக்குறைக்குக் காற்றும் குறைவு, உள்ளே பாரமும் அதிகம். வலப்பக்கத்து டயருக்கும் இதே வயதுதான், அதையும் கழற்றிவிடச் சொல்லுங்கள் என்றான். கரவான்காரரிடம் சொல்வதாக மகேசன் தலையாட்டினான்.

இன்று அதே கரவானை வாங்கிப் போக வந்திருந்தவன் கிளெமென்ட். மன்னாரிலிருந்து வந்து சில மாதங்கள்தான். காருக்குள் அவன் மனைவி டோறின் கைக்குழந்தையோடு ஏறிவிட்டாள். கரவானுக்குள் அரிசி மூட்டை, தண்ணீர்க் கான்கள், ஊருக்கே சமைக்கக்கூடிய சட்டி பானைகள். எங்கள் ஆட்கள் இரண்டு நாள் பயணத்துக்கும் குடிபெயர்கிற மாதிரித்தானே வெளிக்கிடுவார்கள்.

தேங்காய் உடைப்பதற்கு மகேசனோடு வந்திருந்த புஷ்பவதி கரவானைச் சுற்றி வந்தாள். இடப்பக்கத்தில் புது டயர். வலப்பக்கத்தில் அதே பழையது. குனிந்து பார்த்தாள். பக்கவாட்டு வெடிப்புக்குள் அவளுடைய நகம் இறங்கியது.

“இஞ்சருங்கோ, கடைக்காரன் சொன்னதை அண்ணையிட்ட சொன்னனீங்களோ?”

மகேசன் நிலத்தைப் பார்த்தான். “எப்பிடியப்பா சொல்லுறது? வேலை எடுத்துத் தந்த மனுசன். ஒண்டை வெடிக்கப் பண்ணிக் குடுத்திட்டு, மற்றதும் பழுதெண்டு சொன்னால் என்ன நினைப்பார்?”

“நாங்கள் செத்திருந்தால் என்ன நினைச்சிருப்பார்?”

அவள் நேரே குணரத்தினத்திடம் போனாள். “அண்ணை, தேங்காயைக் கீழ வையுங்கோ. இந்த டயரோட கரவான் வெளிக்கிடக் கூடாது.”

குணரத்தினம் சிரித்தார். “பிள்ளை, போன கிழமை வெருண்டது இன்னும் தெளியேல்லைப் போல. பல்லைப் பாரும், தேயவே இல்லை. றோட்டில ஓடலாமெண்டு செக் பண்ணிக் குடுத்த வொரன்ற் ஸ்ரிக்கரும் ஒட்டியிருக்கு.”

“ஸ்ரிக்கரே பாரம் தூக்கிறது?”

நின்றவர்களில் இரண்டு பேர் சிரிப்பை அடக்கினார்கள். குணரத்தினத்தின் முகம் இறுகியது. “கண்ணூறு கழிச்சால் எல்லாம் சரி. தம்பி கிளெமென்ட், நீர் ஏறும், நேரம் போகுது.”

“அண்ணை சொன்னால் சரிதானே, அக்கா,” என்று கிளெமென்ட் தயங்கித் தயங்கிக் காரில் ஏறி என்ஜினை முடுக்கினான். தேங்காய் உடைந்தது.

புஷ்பவதி வலப்பக்கத்து டயரடியில் கால்களை மடித்துச் சப்பாணி கட்டி உட்கார்ந்தாள். வால்வு மூடியைக் கழற்றினாள். கொண்டை ஊசியை உருவி வால்வுக்குள் வைத்து அமத்தினாள். காற்று சீறிக்கொண்டு வெளியே வந்தது.

“மகேசன், உம்மட மனுசியை எழுப்பும். என்ர வீட்டு முத்தத்தில இருந்து என்ர சாமானைப் பழுதாக்கிறா,” என்று குணரத்தினம் கத்தினார்.

“பழுதானதைத்தான் நிப்பாட்டுறன். கார் வெளிக்கிடுறதெண்டால் எனக்கு மேலால ஏத்திக்கொண்டு போகச் சொல்லுங்கோ.”

மகேசன் அவளிடம் நடந்தான். கையைப் பிடித்து இழுக்கப் போகிறான் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். அவன் அவளுக்குப் பக்கத்தில் முழங்காலில் இருந்தான். “உமக்குக் கை நோகும், தாரும்,” என்று ஊசியை வாங்கித் தானே அமத்தினான். பிறகு தலையை நிமிர்த்தாமலே சொன்னான்: “அண்ணை, கடைக்காரன் இதையும் கழட்டச் சொன்னவன். உங்களுக்கு மனம் நோகுமெண்டு நான்தான் மறைச்சனான். இந்தக் குழந்தைக்கு ஏதும் நடந்திருந்தால் அந்தப் பழி என்ர தலையில.”

அதைக் கேட்ட டோறின் குழந்தையோடு காரை விட்டு இறங்கினாள். வந்து புஷ்பவதியின் பக்கத்தில் நின்றாள். கிளெமென்ட் என்ஜினை நிறுத்தினான்.

காற்றுப் போகப் போக டயர் பாரத்தில் நசிந்தது. அதுவரை மூடியிருந்த வெடிப்புகள் ஒவ்வொன்றாக வாய் திறந்தன. தள்ளி நின்றவர்களுக்கே ரப்பருக்குள் இருந்த நூல் தெரிந்தது. குணரத்தினம் கிட்ட வந்து, வேட்டியை ஒதுக்கிக்கொண்டு, முதல் தடவையாகக் குனிந்தார். குனிந்தவர் நிமிர நேரம் எடுத்தது.

“இத்தனை குடும்பத்தை இதில அனுப்பிப் போட்டன்,” என்றார். “ஜாக்கியைக் கொண்டு வாறன். தம்பி, நீர் சாமானை இறக்கும்.”

புஷ்பவதி எழும்பிச் சேலையைத் தட்டினாள். “அண்ணை, நீங்கள் செய்த உதவியை நாங்கள் சாகும்வரை மறக்க மாட்டம். ஆனால் அந்த நன்றிக்காகப் பிள்ளையளைச் சாகக் குடுக்க ஏலாது.” பிறகு கிளெமென்ட்டின் பக்கம் திரும்பினாள். “தம்பி, ஆர் எதைச் சும்மா தந்தாலும் முதல்ல குனிஞ்சு டயரைப் பாரும். நன்றியைப் பிறகு சொல்லலாம்.”