பூச்சு போன கண்ணாடி

பெருமையடித்துக்கொள்வதற்கென்றே மாதத்தில் ஒரு சாயங்காலத்தை ஒதுக்கி வைத்த கூட்டம் வேறு எங்கேயாவது உண்டா, தெரியவில்லை. இந்த ஊரில் உண்டு. அரை நிலா வரும் நாளில், பொழுது சாய்ந்ததும், ஆளுக்கொரு தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு பள்ளிக்கூட மைதானத்துக்கு வந்துவிடுவார்கள். ஊர் ஜனங்களுக்கு நிலாவைக் காட்டுகிறோம் என்று பேச்சு. ஜனங்களுக்கு நிலாவைக் காட்டியது கொஞ்சம், ஒருத்தருக்கொருத்தர் தொலைநோக்கியைக் காட்டிக்கொண்டதுதான் அதிகம்.

எல்லாம் கண்ணாடித் தொலைநோக்கிகள். ஒரு நீளக் குழாய், அதன் அடியில் லேசாகக் குழிந்த ஒரு வட்டக் கண்ணாடி. அது வெளிச்சத்தை வாங்கி மேலே அனுப்பும். குழாயின் மேல்பக்கத்தில், ஓரமாக, கண்ணை வைத்துப் பார்க்க ஒரு சின்ன வில்லை. அவ்வளவுதான் சமாசாரம். ஆனால் அத்தனையும் அவரவர் கையால் செய்தவை, அதனால்தான் இத்தனை வாய்.

பல் டாக்டருடையதுதான் கூட்டத்திலேயே பெரிசு, பன்னிரண்டு அங்குலக் கண்ணாடி. மோட்டார் வேறு வைத்திருந்தார், நிலா நகர நகர அது தானே திரும்பும். லாரி மெக்கானிக்குடையது ஒரு பழைய லாரிச் சக்கரத்து பேரிங்கின் மேல் உட்கார்ந்திருந்தது. சுண்டு விரலால் தொட்டால் போதும், வெண்ணெயாக வழுக்கும். மூன்றாவது நம் பிரேம்காரருடையது. கடைத்தெருவில் படங்களுக்குச் சட்டம் போடுகிற மனிதர். எட்டு அங்குலம்தான், ஆனால் கூட்டத்தில் அதுதான் மூத்தது.

"இந்த மாசம் என்ன புதுசு?" இதுதான் கூடியதும் கேட்கிற முதல் கேள்வி. ஒன்றுமில்லை என்று சொல்லிவிட முடியாது, மானம் போய்விடும். அதனால் பிரேம்காரர் ஒரு மாதம் குழாயின் உட்பக்கம் கறுப்பு வெல்வெட் ஒட்டினார், இன்னொரு மாதம் வில்லை பொருத்துகிற இடத்தை மாற்றினார். வீட்டில் கதவுத் தாழ்ப்பாள் ஆடிக்கொண்டிருக்கும், அதைப் பார்க்க நேரமில்லை.

போன மாதம் டாக்டர் அவருடைய குழாய்க்குள் எட்டிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "என்ன சார், கண்ணாடி மங்கிப் போச்சே. வெத்தலை போட்ட பல்லு மாதிரி இருக்கு."

மெக்கானிக் விழுந்து விழுந்து சிரித்தார். பிரேம்காரரும் சிரித்தார். உள்ளே பற்றிக்கொண்டு எரிந்தது.

அந்தக் கண்ணாடியைப் பற்றி யார் எது சொன்னாலும் அவருக்குத் தாங்காது. அது அவர் மட்டும் செய்ததா என்ன? அவரும் அக்காவும் சேர்ந்து தேய்த்தது. வாடகை வீட்டுப் பின்கட்டில், தண்ணீர் நிரப்பிய ஒரு இரும்புப் பீப்பாய். அதன் மேல் ஒரு கண்ணாடி வட்டம், அதற்கு மேல் இன்னொன்று, நடுவே ஈர மணல்பொடி. மேல் கண்ணாடியை முன்னும் பின்னும் தள்ளித் தேய்த்துக்கொண்டே பீப்பாயைச் சுற்றி நடக்க வேண்டும். தேயத் தேய மேல்கண்ணாடி குழியும். அக்கா அப்போது தையல் கம்பெனியில் வேலை. நாளெல்லாம் மெஷின் மிதித்துவிட்டு வருவாள், முகம் கழுவிக்கொண்டு நேரே பின்கட்டுக்கு வந்து, "தள்ளுடா, நான் கொஞ்சம் சுத்தறேன்" என்பாள். அவள் சுற்றுவாள், இவர் பொடி போடுவார். கம்பெனி சூப்பர்வைசர் எப்படி மூக்கை உறிஞ்சுவான் என்று நடித்துக்காட்டிக்கொண்டே சுற்றுவாள். இவர் சிரிக்கிற சிரிப்பில் பொடி கொட்டும். அம்மா உள்ளேயிருந்து, "செக்குமாடு ரெண்டும் சாப்பிட வரீங்களா இல்லையா?" என்று கத்துவாள்.

கடைசியில் மெருகு போடச் சிவப்புப் பொடி. அது கையில் ஏறினால் லேசில் போகாது. அக்காவைப் பெண் கேட்டு வந்தவர்கள் முன்னால் அந்தச் சிவந்த கையோடுதான் போய் நின்றாள். ஏன் கை இப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு, "நிலா பாக்கக் கண்ணாடி தேய்க்கிறேன்" என்றாள். மாப்பிள்ளையின் அம்மாவுக்கு முகம் சுண்டிவிட்டது. மாப்பிள்ளை மட்டும், "எனக்கும் காட்டுவீங்களா?" என்று கேட்டார். அவர்தான் பிறகு அத்தான். நல்ல மனிதர், போய்ச் சேர்ந்துவிட்டார்.

அந்த நாட்களைப் பிரேம்காரர் அடிக்கடி நினைத்துக்கொள்வார். கூடவே ஒரு மனத்தாங்கலும் உண்டு. கல்யாணமாகி வேறு ஊர் போன பிறகு அக்கா வரும்போதெல்லாம், தான் புதிதாகச் செய்ததை ஆசை ஆசையாகக் காட்டுவார். அக்கா வில்லையில் ஒரு கணம் கண்ணை வைப்பாள். "நல்லா இருக்குடா" என்பாள். எடுத்துவிடுவாள். இன்னும் கொஞ்சம் பார்த்தால் என்ன? சேர்ந்து சுற்றிய பீப்பாயை மறந்துவிட்டாளா? கேட்டதில்லை. மனதுக்குள் வைத்துக்கொண்டு, அடுத்த தடவை இன்னும் பளிச்சென்று காட்டுகிறேன் பார் என்று மறுபடி எதையாவது நோண்ட ஆரம்பிப்பார்.

வெற்றிலைப் பல் பேச்சுக்குப் பிறகு அவருக்கு இருப்புக் கொள்ளவில்லை. தொலைநோக்கிக் கண்ணாடியின் மேல் வெள்ளி மாதிரி மெல்லிய அலுமினியப் பூச்சு இருக்கும். வெளிச்சத்தைத் திருப்புவது அதுதான். நாளானால் மங்கும். பழையதை எடுத்துவிட்டுப் பூச்சுப் பட்டறைக்கு அனுப்பினால் புதுப்பூச்சு போட்டுத் தருவார்கள். சரி, பழையதை நாமே எடுத்துவிடுவோம் என்று மருந்து வாங்கி வந்து ஊற்றினார். கொஞ்ச நேரத்தில் பூச்சு கரைந்து போனது. கையில் மிஞ்சியது பளிங்கு மாதிரி வெறும் கண்ணாடி. அதற்குப் பிறகுதான் பட்டறைக்குப் போன் பண்ணினார்.

"மெஷின் படுத்திருக்கு சார். ஒரு ரெண்டு மாசம் ஆகும்."

முதலில் கேட்டுவிட்டுப் பிறகு கழுவியிருக்கலாம். யாருக்கும் தோன்றும். ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு என்று சும்மாவா சொன்னார்கள்?

அதே வாரம் அக்கா போன் பண்ணினாள்.

"டேய், வர்ற அரை நிலாவுக்கு நான் வரேன். நம்ம தொலைநோக்கியில ஒரு தடவை பாக்கணும்."

"என்னக்கா திடீர்னு?"

"ஒரு கண்ணு போனது தெரியும்ல. இன்னொண்ணும் புகை மூடிட்டு வருது. வெளிச்சம் பட்டா ஊசியால குத்தற மாதிரி இருக்கு. அடுத்த மாசம் ஆபரேஷன். வந்தா வரும், போனா போகும்னு கண்ணு டாக்டரே சொல்லிட்டாரு." அக்கா சிரித்தாள். "கண்ணு கெட்ட பிறகு சூரிய நமஸ்காரம்னு சொல்வாங்க இல்ல, நான் கெடறதுக்கு முன்னாடியே நிலாவைப் பாத்துடறேன்."

கண்ணாடியைக் கழுவிவிட்டேன் என்று எப்படிச் சொல்வது? "வாக்கா, வா" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனை வைத்தார். அன்றைக்கு நாலு படத்துக்குச் சட்டம் அளவு தப்பி வெட்டினார்.

பூச்சில்லாத கண்ணாடியிலும் நிலா தெரியும்தான், அது அவருக்குத் தெரியாததில்லை. வெளிச்சத்தில் இருபதில் ஒரு பங்குகூட மிஞ்சாது. நல்ல கண்ணுக்கே மங்கல், புகை மூடின கண்ணுக்கு என்ன தெரியப்போகிறது? அக்காவின் கடைசிப் பார்வையா வெறும் கண்ணாடியில்? வேறு வழியில்லாமல், வெட்கத்தை மூட்டை கட்டி வைத்துவிட்டுப் பல் டாக்டரிடம் போனார். டாக்டர் கிளினிக்கில் ஒருத்தர் வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தார்.

"டாக்டர், அக்கா வராங்க. உங்க தொலைநோக்கியில காட்டணும்."

டாக்டர் ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை. "என்ன சார் இது, கேக்கணுமா? வரிசையில முதல் ஆளு உங்க அக்காதான்" என்றார். மனிதர் நல்லவர். அது வேறு இவருக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

அரை நிலா நாள் சாயங்காலம் அக்கா கறுப்புக் கண்ணாடி போட்டுக்கொண்டு தம்பியின் கையைப் பிடித்தபடி மைதானத்துக்கு வந்தாள். இளைத்திருந்தாள். மெக்கானிக் ஓடிப்போய் நாற்காலி கொண்டுவந்து போட்டார். மேற்கே இன்னும் வெளிச்சம் மிச்சமிருந்தது, தலைக்கு மேலே அரை நிலா. டாக்டர் தொலைநோக்கியைத் திருப்பி, அக்காவை ஸ்டூலில் ஏற்றி, "பாருங்கம்மா" என்றார்.

அக்கா கறுப்புக் கண்ணாடியைக் கழற்றிவிட்டு வில்லையில் கண்ணை வைத்தாள். "ஐயோ!" என்று தலையைப் பின்னுக்கு இழுத்துக்கொண்டாள். கண்ணிலிருந்து பொலபொலவென்று நீர் கொட்டியது.

"வெல்டிங் வெளிச்சம் மாதிரி அடிக்குதே சாமி!"

பன்னிரண்டு அங்குலக் கண்ணாடி அள்ளிக் கொடுத்த வெளிச்சம். அதுவரை அதுதான் டாக்டரின் பெருமையே. இப்போது கையைப் பிசைந்துகொண்டு நின்றார். வெளிச்சத்தைக் குறைக்க வில்லையில் மாட்டுகிற கறுப்பு வடிகட்டி அவரிடம் கிடையாது. 'நல்ல பால்ல யாராவது தண்ணி கலப்பாங்களா?' என்று கேலி பண்ணினவர் அவர். அவர் கேலிக்குப் பயந்து மற்றவர்களும் வாங்கவில்லை.

மெக்கானிக் ஓர் அட்டையில் சின்னதாக ஓட்டை போட்டுக் குழாயின் வாயில் வைத்தார். கூச்சம் குறைந்தது. அக்கா மறுபடி பார்த்தாள்.

"இப்ப குத்தல. ஆனா மாவு பூசின மாதிரி இருக்கு. மேடு பள்ளம் ஒண்ணும் தெரியல."

ஓட்டையைச் சின்னதாக்கினால் கூர்மையும் சேர்ந்து போய்விடும், என்ன செய்வது. அக்கா ஸ்டூலிலிருந்து இறங்கினாள். "பரவாயில்லப்பா, எவ்வளவோ சிரமப்பட்டீங்க" என்று டாக்டரிடம் சொன்னாள். பிரேம்காரரால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை. அவ்வளவுதான், போச்சு என்று நினைத்தார்.

"நம்மளது எங்கடா?" என்றாள் அக்கா.

அவருடைய தொலைநோக்கி ஓரமாக, மூடி போட்டபடி நின்றது. பழக்கதோஷத்தில் கொண்டுவந்துவிட்டிருந்தார்.

"அது... வேண்டாம்க்கா."

"ஏன் மூடி வச்சிருக்கே? உடைச்சிட்டியா?"

"உடைக்கல. பூச்சைக் கழுவிட்டேன். புதுசாப் போட்டு உனக்குப் பளிச்சுனு காட்டலாம்னு பாத்தேன். பட்டறையில மெஷின் ரிப்பேர். பிள்ளையார் பிடிக்கக் குரங்கா முடிஞ்சிடுச்சு." சொல்லும்போதே அவர் குரல் உடைந்துவிட்டது. இந்த வயதில், டாக்டரும் மெக்கானிக்கும் பார்த்துக்கொண்டிருக்க.

அக்கா அந்தத் தொலைநோக்கிப் பக்கம் திரும்பினாள்.

"அப்ப உள்ளே வெறும் கண்ணாடியா?"

"ஆமா."

"திறடா."

"அக்கா, அதுல ஒண்ணுமே..."

"திறன்னு சொல்றேன்ல."

திறந்தார். நிலாவைத் தேடிப் பிடித்து நிறுத்திவிட்டு விலகினார். அக்கா ஸ்டூலில் ஏறிக் கண்ணை வைத்தாள். இழுத்துக்கொள்ளவில்லை.

நிமிடங்கள் போயின. வரிசையில் ஒரு குழந்தை சிணுங்கியது.

"தெரியுதாக்கா?" பயந்து பயந்து கேட்டார்.

"பேசாதடா. இருட்டு ஆரம்பிக்கிற ஓரத்துல ஒரு குழி. உள்ளே ஒரே கறுப்பு. நடுவுல மலை உச்சி மட்டும் வெளிச்சம் பட்டு, தனியா நிக்குது."

பிரேம்காரருக்கு மேலெல்லாம் சிலிர்த்தது. இருக்கிறது, அந்த உச்சி அங்கேதான் இருக்கிறது. எட்டு அங்குலத்தின் கூர்மை முழுசும் இருந்தது, வெளிச்சம் மட்டும்தான் அடங்கியிருந்தது.

"இதைத்தாண்டா பாத்தோம்" என்றாள் அக்கா, கண்ணை எடுக்காமல். "தேய்ச்சு முடிச்ச அன்னிக்கு, பூச்சுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி, பின்கட்டுல தூக்கி வச்சுப் பாத்தோமே. பால் மாதிரி இருந்தது. அப்புறம் நீ பூசி எடுத்துட்டு வந்தே. எல்லாரும் ஆஹா ஓஹோன்னாங்க. எனக்குக் கண்ணு கூசுச்சு. எனக்கு அப்பவே வெளிச்சம் ஆகாது போல. நீ ஒவ்வொரு தடவையும் இன்னும் பளிச்சுனு ஆக்கிட்டு வந்து என் மூஞ்சியவே பாத்துட்டு நிப்பே. எப்படிடா சொல்றது? நல்லா இருக்குன்னு சொல்லிட்டு நகந்துடுவேன்."

அவருக்கு அழுகையும் சிரிப்பும் ஒன்றாக வந்தன. மறந்துவிட்டாள் என்றல்லவா இத்தனை வருஷம் நினைத்திருந்தார்! அவர் ஆசையாக வெளிச்சத்தைக் கூட்டக் கூட்ட அவள் விலகிப் போயிருக்கிறாள், முட்டாள் மாதிரி மேலும் மேலும் கூட்டியிருக்கிறார்.

"போகுதுடா" என்றாள் அக்கா. நிலா நகர்ந்துகொண்டிருந்தது. இதில் மோட்டார் கிடையாது. அவர் குழாயை ஒரு மயிரிழை தள்ளினார்.

"வந்துடுச்சு... போகுது."

மறுபடி தள்ளினார்.

மெக்கானிக் மெதுவாக அருகே வந்தார். "அண்ணே, பட்டறை மெஷின் சரியானதும் பூசிடுவீங்கல்ல?"

"அக்காவைக் கேட்டுத்தான் சொல்லணும்."

"பூசிக்கோடா" என்றாள் அக்கா. "ஆபரேஷனுக்கு அப்புறம் பூசிக்கோ. அதுவரைக்கும் என்னைப் பாக்க விடு."

வரிசை நீண்டுவிட்டது. பிரேம்காரர் திரும்பி, ஒரு கையால் குழாயைத் தள்ளிக்கொண்டே, "எல்லாரும் டாக்டர்கிட்ட போங்க. அங்கதான் பெருசாத் தெரியும்" என்றார். ஜனங்கள் அங்கே நகர்ந்தார்கள். அவருக்கு வயிறு எரியவே இல்லை.

"போகுதுடா" என்றாள் அக்கா.

அவர் தள்ளினார்.