மேடம் குடித்த அளவு

அந்தச் சனிக்கிழமை காலை பத்து மணிக்குக் கூடத்தில் இருந்தவர்கள்: சாப்பாட்டு மேசையின் சுவரோர நாற்காலியில், எழுது அட்டையோடு நான். சமையலறை வாசற்படியில், மடியில் பீன்ஸ் தட்டோடு என் கணவர். தரையில் காலை நீட்டிக்கொண்டு என் கொழுந்தன். அவன் முன்னால் பழைய துண்டு ஒன்றின் மேல், பாகம் பாகமாகப் பிரித்துப் போட்ட தண்ணீர்ப் புட்டி. மேசைக்கு அடியில், என் பாதத்தின் மேல் தாடையை வைத்தபடி பொட்டலம். ஃப்ரிட்ஜின் மேல், எங்கள் எல்லோருக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு மேடம்.

கூட்டம் கூட்டியதே மேடத்துக்காகத்தான்.

பொட்டலம் எங்கள் நாய். அட்டைப் பெட்டியில் வந்து சேர்ந்ததால் அந்தப் பெயர். மேடம் என் தங்கையின் பூனை, வயது பதின்மூன்று. தங்கைக்கு ஆறு வருடம் விண்ணப்பம் போட்டுப் போட்டு, இந்த வருடம்தான் மலை உச்சி வானிலை நிலையத்தில் வேலை கிடைத்தது. அங்கே பூனை கூடாது. தொலைபேசியும் அலுவலகப் பேச்சுக்கு மட்டும். வாரம் ஒரு தடவை சாமான் வண்டி ஏறும்; அதில் தபால் பையும் ஏறும். எங்கள் பேச்சுவார்த்தை எல்லாம் அந்தப் பை வழியாகத்தான்.

மேடத்துக்குச் சிறுநீரகம் கொஞ்சம் தளர்ந்துவிட்டது. தண்ணீர் போதுமான அளவு உள்ளே போய்க்கொண்டே இருக்க வேண்டும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். தங்கை வீட்டில் இருந்தவரை கிண்ணத்தருகே உட்கார்ந்து கொஞ்சிக் கொஞ்சிக் குடிக்க வைப்பாள். எங்கள் வீட்டில் காலை ஏழு மணிக்கு எல்லோரும் வேலைக்குப் போனால் மாலை ஆறுக்குத்தான் பூட்டு திறக்கும். அதனால் தலைகீழாகக் கவிழ்த்து வைக்கும் தண்ணீர்ப் புட்டி ஒன்று வாங்கினேன். கிண்ணத்தில் குறையக் குறையப் புட்டியிலிருந்து தானாக இறங்கும். மின்சாரம் வேண்டாம், மோட்டார் வேண்டாம். புட்டியின் பக்கத்தில் காகித நாடா ஒட்டி, ஐம்பது ஐம்பது மில்லியாகக் கோடு போட்டேன்.

நான் குடிநீர் வாரியத்தில் மீட்டர் வாசிப்பவள். பத்தொன்பது வருடமாக வீடு வீடாகப் போய்க் குனிந்து பார்த்து எழுதுகிறேன். புட்டியில் தினமும் இருநூற்று ஐம்பது குறைந்தது. தங்கைக்கு எழுதினேன்: "மேடம் நாளொன்றுக்கு இருநூற்று ஐம்பது மில்லி குடிக்கிறாள். கவலை வேண்டாம்."

வெள்ளிக்கிழமை இரண்டு காரியம் நடந்தது. மேடத்தின் பிடரித் தோலை மருத்துவர் இரண்டு விரலால் தூக்கி விட்டார். தூக்கின தோல் கூடாரம் மாதிரி அப்படியே நின்றது.

"தண்ணி குடிக்குதா?"

"நல்லா குடிக்குது டாக்டர். இருநூத்தம்பது."

"யார் சொன்னா?"

"புட்டியில கோடு போட்டிருக்கேன்."

அவர் என்னையும் பார்த்தார், தோலையும் பார்த்தார். அடுத்த வெள்ளி வரை பார்ப்போம், இதே நிலை என்றால் தினமும் ஊசி வழியாக நீர் ஏற்ற வேண்டும், வீட்டில் ஆள் இல்லாததால் மேடத்தை இங்கேயே கூண்டில் விட வேண்டியிருக்கும் என்றார்.

வீட்டுக்கு வந்தால் தங்கையின் கடிதம். "அக்கா, அவ என்கிட்டயே ஒருநாளும் இருநூறைத் தொட்டதில்ல. நீ எழுதினதை நாலு தடவை படிச்சேன், நம்ப முடியல. எனக்கு ஆறுதல் சொல்றதுக்காக எழுதாத. அவ சரியா குடிக்கலன்னா சொல்லிடு, சாமான் வண்டியிலேயே இறங்கி வந்துடறேன். வேலை போனா போகுது."

அதைத்தான் அந்தக் காலை சத்தமாகப் படித்துக் காட்டினேன். படித்து முடித்ததும் கொழுந்தன் மேசைக்கு அடியில் குனிந்து பார்த்தான். அவன் குழாய் வேலை செய்கிறவன். எங்கே தண்ணீர் போயிற்று என்று தேடுவதுதான் அவன் பிழைப்பு.

"அண்ணி, மீட்டர் என்ன சொல்லும்? வீட்டுக்குள்ள எவ்வளவு தண்ணி போச்சுன்னு சொல்லும். யார் குடிச்சாங்கன்னு சொல்லுமா?"

பொட்டலம் தன்னைப் பற்றிய பேச்சு என்று தெரிந்து வாலை ஒரு தட்டுத் தட்டியது.

"அதுக்குத் தனியா பெரிய சட்டியில வெச்சிருக்கோமே," என்றேன்.

"சட்டியும் குடிக்கும், இதுவும் குடிக்கும். பக்கத்து இலைல நல்லா இருக்குன்னு நினைக்கிற ஜாதி."

கணவர் பீன்ஸ் நாரை உரித்துக்கொண்டே, "பத்தொன்பது வருஷ சர்வீஸ்," என்று மட்டும் சொன்னார். தங்கைக்கு அன்றைக்கு நான்கே வரி எழுதினேன்: அளவில் சந்தேகம் வந்திருக்கிறது, விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அடுத்த சனிக்கிழமைக் கடிதத்தில் உள்ளது உள்ளபடி வரும், அதுவரை இறங்காதே.

மதியம் பழைய புட்டியையும் எடுத்துக்கொண்டு, கொழுந்தனோடு வளர்ப்புப் பிராணிக் கடைக்குப் போனேன். கடைக்கார அம்மா மூக்குக் கண்ணாடியை நெற்றியில் ஏற்றிக்கொண்டு புட்டியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இதுல எத்தனை பேர் குடிக்கிறாங்க?"

"ரெண்டு பேர்."

"அப்ப ஒருத்தர்தான் குடிக்கிறார்னு அர்த்தம். பூனைக்கு இந்தக் கிண்ணம் ஆகாதும்மா. மீசை முட்டும். நீங்க ஒரு டம்ளருக்குள்ள மூஞ்சியை விட்டுக் குடிச்சுப் பாருங்க, எப்படி இருக்குன்னு."

அலமாரியில் பதினொரு வகை இருந்தது. ஒவ்வொன்றாக இறக்கச் சொன்னேன். ஒன்றில் புட்டியின் வாய்க்குள் என் கை போகவில்லை, உள்ளே பாசி பிடித்தால் தேய்க்க முடியாது. ஒன்று ஒரு விரலால் தள்ளினால் ஆடியது. ஒன்று நிறம் அடித்த புட்டி. உள்ளே எவ்வளவு இருக்கிறது என்று வெளியே தெரியாது. அதை நான் தொடக்கூட இல்லை. கடைசியில் நின்றது ஒன்றுதான்: அகலமான, ஆழமில்லாத கிண்ணம், கை நுழையும் வாய், கண்ணாடி போல் தெளிந்த புட்டி, கனமான அடிப்பாகம். பெட்டியின் ஓரம் மட்டும் கிழிந்து ஒட்டியிருந்தது.

"இதை ரெண்டு தடவை வித்தேன், ரெண்டு தடவையும் திரும்பி வந்துடுச்சு," என்றார் அம்மா. "சத்தம் போடுதாம்."

"என்ன சத்தம்?"

"குபுக்குனு. மிருகமெல்லாம் மிரளுதாம்."

"சத்தத்தை நான் பாத்துக்கறேன்," என்றான் கொழுந்தன், எதிராளியைக் கண்டுபிடித்த சந்தோஷத்தில்.

வீட்டுக்கு வந்ததும் அதை நிரப்பிக் கவிழ்த்து, கிண்ணத்திலிருந்து கரண்டியால் மொண்டு மொண்டு ஊற்றினான். ஏழாவது கரண்டிக்குப் புட்டிக்குள் ஒரு பெரிய குமிழி கிளம்பி, வழி நெடுக உருண்டு மேலே போய் உடைந்தது. குபுக்.

"ஏன் அதுவரைக்கும் சும்மா இருந்துச்சு?" என்று கேட்டேன். எனக்கு உண்மையாகவே தெரியவில்லை.

"புட்டி வாய் தண்ணிக்குள்ள முங்கி இருக்கிற வரைக்கும் உள்ள காத்து போகாது. காத்து போகலன்னா தண்ணி வராது. மொண்டு மொண்டு மட்டம் இறங்கினதும் வாய் ஓரம் லேசா வெளிய தெரியும். ஒரு வாய் காத்து உள்ள போகும், ஒரு வாய் தண்ணி வெளிய வரும், வாய் மறுபடி முங்கிடும். அவ்ளோதான். இவ்ளோ பெரிய வாய்ல இவ்ளோ பெரிய குமிழி."

நானும் வாங்கி மொண்டு பார்த்தேன். எனக்கும் ஏழாவது கரண்டிதான். கணவருக்கு ஆறு, அவர் கரண்டியை நிறைய மொள்கிறவர். அரை மணி நேரம் மூன்று பேரும் கிண்ணத்தைச் சுற்றி உட்கார்ந்து தண்ணீர் மொண்டோம்.

பிறகு கொழுந்தன் ஒரு விரல் நீளப் பிளாஸ்டிக் குழாயைச் சரிவாக நறுக்கிப் புட்டியின் வாயில் செருகினான். காற்று பொடிப் பொடியாக ஏறியது, சத்தமே இல்லை. அவன் முகத்தைப் பார்க்க வேண்டுமே. புதுப் புட்டியில் ஐந்து ஐந்து மில்லியாகக் கோடு போட்ட நாடா ஒட்டி, துணி துவைக்கும் இயந்திரத்தின் பக்கத்து நடையில் வைத்தோம். பழையதைப் பின்கதவருகே பொட்டலத்துக்கு விட்டோம்.

ஞாயிறு, திங்கள் இரண்டு நாளும் இரண்டு புட்டியிலும் குறைந்தது. இந்தத் தடவை நான் கோட்டை நம்பவில்லை. செவ்வாய்க்கிழமை அரை நாள் விடுப்புப் போட்டு, நடையைப் பார்த்த குளியலறைக் கதவை ஒரு விரல் அகலம் திறந்து வைத்துக்கொண்டு, உள்ளே முக்காலியில் உட்கார்ந்தேன். மேடம் ஒரு தடவை வந்தாள். அசையாத தண்ணீரை முகர்ந்தாள். சாப்பிட வா என்று பிடிக்காத சொந்தக்காரர் கூப்பிட்ட மாதிரி ஒரு பார்வை பார்த்துவிட்டுத் திரும்பினாள். பொட்டலம் மூன்று தடவை வந்து நக்கியது.

புதன்கிழமை மாலை புட்டியைத் தேய்த்துக் கழுவி, நிரப்பி, கவிழ்த்து வைத்தேன். கொழுந்தனின் குழாய்த் துண்டைக் கழுவித் தொட்டியோரம் வைத்தவள், அதை மறந்தே போனேன். பொட்டலம் வந்து சளப் சளப்பென்று குடித்தது. குபுக். பொட்டலம் நான்கு காலும் நான்கு பக்கமாக வழுக்க, மேசைக்கு அடியில் போய் விழுந்தது.

நான் சிரிக்க வாயைத் திறந்தேன். அதற்குள் ஃப்ரிட்ஜ் மேலிருந்து தொப்பென்று ஒரு சத்தம்.

மேடம் நடைக்கு வந்து புட்டியின் முன்னால் உட்கார்ந்தாள். குமிழி உடைந்த இடத்தையே பார்த்தாள். புட்டியை ஒரு தட்டுத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. பின்பக்கம் போய்ப் பார்த்தாள். திரும்பி வந்து, கிண்ணத்தில் நாக்கை வைத்தாள். நான் மூச்சு விடவில்லை. நாலு நக்கு, ஐந்து நக்கு, எண்ணிக்கை எனக்கே தப்பிப்போயிற்று. குபுக். மேடம் தலையைத் தூக்கி, குமிழி ஏறுவதைக் கடைசி வரை பார்த்தாள். உடைந்தது. மறுபடி குனிந்தாள்.

குடித்தால்தான் அது வரும் என்பதை அவள் கண்டுபிடிக்க இரண்டு குமிழிதான் ஆயிற்று. எங்கள் மூன்று பேருக்கு அரை மணி நேரமும் ஒரு கரண்டியும் ஆகியிருந்தது.

அன்றிரவு சாப்பிடும்போது கொழுந்தனிடம் சொன்னேன். "அப்ப என் குழாய்?" என்றான். "உன் குழாய்தான் தம்பி நாலு நாளா அவளைப் பட்டினி போட்டது," என்றார் கணவர்.

பார்த்தது போதாது, அளவு வேண்டும். கணவர் புத்தகம் கட்டும் கடையில் வேலை செய்கிறார். அங்கிருந்து முன்பு கொண்டு வந்திருந்த, அட்டைக்கு ஒட்டும் கறுப்புக் காகிதம் ஒரு பெரிய தாள் எடுத்துக் கொடுத்தார். அதைப் புட்டியைச் சுற்றி விரித்து, மேலே மாவைச் சல்லடையில் சலித்தேன். நடக்கிறவர் யாராக இருந்தாலும் தடம் விழும். தண்ணீர் சும்மாவே எவ்வளவு வற்றுகிறது என்று பார்க்க, அதே அகலக் கிண்ணம் ஒன்றில் நீர் ஊற்றி, யாரும் ஏற முடியாத பரண் மேல் வைத்தேன்.

வியாழன் மாலை தாளில் புட்டி வரை போயிருந்தது சின்னத் தடம் மட்டும். பொட்டலத்தின் தடம் தாளின் ஓரத்தில் மட்டும் விழுந்து, நின்று, அப்படியே திரும்பியிருந்தது. புட்டியில் குறைந்தது நூற்று நாற்பது. பரண் கிண்ணத்தில் வற்றியது பத்து. ஆக நூற்று முப்பது. வெள்ளி, நூற்று ஐம்பத்தைந்து.

வெள்ளி மாலை மருத்துவர் தோலைத் தூக்கி விட்டார். இறங்கியது. மெதுவாகத்தான், ஆனால் நிற்காமல் இறங்கியது.

"கூண்டு இப்ப வேண்டாம். பத்து நாள்ல திரும்பக் கொண்டு வாங்க," என்றார். "எவ்வளவு குடிக்குது?"

"நூத்தம்பத்தஞ்சு, டாக்டர்."

"யார் சொன்னா?"

நான் கைப்பையிலிருந்து மடித்த கறுப்புத் தாளை எடுத்து விரித்தேன். மாவு அவர் மேசை முழுக்கக் கொட்டியது. அவர் கோபித்துக்கொள்ளவில்லை; குனிந்து, தாளில் ஒட்டி நின்ற தடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சனிக்கிழமை மதியம் கடிதம் எழுத உட்கார்ந்தேன். தபால் வண்டி நான்கு மணிக்கு. கணவர் பக்கத்து நாற்காலியில் இருந்தார். முதல் வரியை எட்டிப் பார்த்தார்.

"அந்த இருநூத்தம்பதை எதுக்குக் கிளறணும்? இப்பதான் குடிக்குதே. இப்ப உள்ளதை மட்டும் எழுது."

"நான் எழுதினது அவ கையில இருக்கே."

"இருந்தா இருக்கட்டும்."

"போன மாசம் இருநூத்தம்பது, இந்த மாசம் நூத்தம்பத்தஞ்சுன்னு போனா, குறைஞ்சு போச்சுன்னு நினைச்சு, படிச்சதுமே வண்டி ஏறிடுவா."

அவர் நாற்காலியை நெருக்கிப் போட்டுக்கொண்டார். "நாய் குடிச்சதுன்னு எழுதினா மட்டும் ஏறமாட்டாளா? அக்கா ஒரு மாசமா கவனிக்கலன்னு ஏறுவா."

அந்தப் பயம் எனக்கும் இருந்தது. இருந்தாலும் எழுதினேன்.

"முதலாவது: இருநூற்று ஐம்பது தவறு. கணக்கு சரி, குடித்தது பொட்டலம். நான் புட்டியைப் பார்த்தேன், பூனையைப் பார்க்கவில்லை. இரண்டாவது: புதன் மாலை முதல் மேடம் தானாகக் குடிக்கிறாள். வியாழன் நூற்று முப்பது, வெள்ளி நூற்று ஐம்பத்தைந்து. வற்றியதைக் கழித்த பிறகு. மூன்றாவது: தோல் இறங்குகிறது, மெதுவாக. முழுக்கச் சரியாகவில்லை. பத்து நாளில் திரும்பக் காட்ட வேண்டும். நான்காவது: குமிழி வராவிட்டால் அவள் குடிப்பதில்லை. ஏன் என்று எனக்குத் தெரியாது. உனக்குத் தெரிந்தால் எழுது. ஐந்தாவது: இறங்குவதும் இருப்பதும் உன் முடிவு. என்னைக் கேட்டால், இரு."

பழைய காகித நாடாவைப் பொட்டலத்தின் புட்டியிலிருந்து உரித்து, தேதி போட்டுக் கடிதத்தோடு வைத்தேன். அந்தப் புட்டிக்கும் புது நாடா ஒட்டியாயிற்று. கொழுந்தன் வந்து தன் குழாய்த் துண்டையும் நீட்டினான்.

"இதையும் வைங்க அண்ணி. ஒரு தப்புக்கு நீங்க பொறுப்புன்னா, இன்னொன்னுக்கு நான்."

உறை புடைத்தது. கணவர் கடைப் பசையைத் தொட்டு ஓரத்தை ஒட்டி, புத்தகத்தை அழுத்துவது போல உள்ளங்கையால் கொஞ்ச நேரம் அழுத்திப் பிடித்துக்கொண்டார். நடையிலிருந்து குபுக்கென்று கேட்டது. மேசைக்கு அடியில் பொட்டலம் என் காலோடு ஒட்டிக்கொண்டது.

தபால் வண்டிக்காரர் உறையைத் தடவிப் பார்த்து, "உள்ள என்னம்மா, பேனாவா?" என்று கேட்டார்.

"குழாய்."

எடை போட்டு, இன்னொரு தபால்தலை கூடுதலாக ஒட்டச் சொன்னார். ஒட்டினேன். மலைக்குப் போகும் பையைத் திறந்து, மேலாக வைத்துக் கட்டினார்.