ஒரு மாதத்துக்குள் திருப்பிக் கொடுக்கலாம்

என் புருஷன் ஹார்லனுக்குப் பேச்சு நின்று மூன்று வருஷம் ஆகிறது. ஒரு காலைப்பொழுதில் மூளைக்குப் போகும் ரத்தக்குழாய் அடைத்துக்கொண்டது. நாக்கு, தொண்டை, இடது கால் எல்லாம் வேலைநிறுத்தம் செய்துவிட்டன. புத்தி மட்டும் ஒரு கீறல் இல்லாமல் தப்பித்துக்கொண்டது. டாக்டர் அதைப் பெரிய அதிர்ஷ்டம் என்றார். அவருக்கு என்ன, அவர் அவனோடு குடித்தனம் நடத்தவில்லை.

ஆடிய காலும் பாடிய வாயும் சும்மா இருக்காது என்பார்கள். ஹார்லன் முப்பது வருஷம் ஒரு மரச்சாமான் ஆலையில் மேலாளராக இருந்து ஊரைத் திட்டியவன். அவனிடம் ஒரு பழைய பட்டன் ஃபோன் இருந்தது. திரைக்குக் கீழே எழுத்துக்கு ஒன்றாகக் குட்டிக் குட்டிப் பட்டன்கள். அதைத் தயாரித்த எங்கள் ஊர் வாட்டர்லூவில் ஒரு காலத்தில் பனி தள்ளுகிறவன் முதல் பாதிரியார் வரை எல்லோர் இடுப்பிலும் தொங்கிய வகைதான். கண்ணின் நடுப்பார்வை மங்கிப் போனதால் அவனுக்குத் திரை தெரியாது. ஆனால் இரண்டு கட்டைவிரல்களுக்கும் அந்தப் பட்டன்கள் மனப்பாடம். விரலால் தடவித் தட்டுவான். தட்டி முடித்ததும் ஃபோன் அதை ஒரு இளம்பெண்ணின் குரலில் உரக்கப் படிக்கும்.

அந்தக் குரல் தேன் மாதிரி இருக்கும். விஷயம்தான் விஷம். என் அக்காவைப் புதைத்துவிட்டு வந்த அன்று நான் பன்றிக்கறியும் முட்டைக்கோஸும் சமைத்து வைத்தேன். "செத்துப்போன உங்க அக்காவே இதைவிட நல்லா சமைச்சிருப்பா" என்றது அந்தக் குரல். மகள் கொலீன் இரண்டாவது கல்யாணப் பத்திரிகையைக் கொண்டுவந்தபோது, "இவனாவது ஓடிப்போகாம கதவைப் பூட்டி வை" என்றது. மகன் டுவெய்னுக்கு அது வைத்த பெயர் 'வாடகை வீட்டு மகாராஜா'. நாற்பத்தைந்து வருஷமாக இதே பாட்டுத்தான். முன்பு ஆண் குரலில் கேட்டேன், அவ்வளவுதான் வித்தியாசம்.

போன இலையுதிர் காலத்தில் அந்த ஃபோனின் பேட்டரி வீங்கி முதுகு பிளந்துகொண்டது. அதற்கு மாற்று எங்கேயும் கிடைக்கவில்லை. கொலீன் தன்னிடமிருந்த கண்ணாடி ஃபோனைக் கொடுத்துப் பார்த்தாள். வழவழப்பில் விரலுக்கு எதுவும் தட்டுப்படவில்லை. அவன் கால் மணி நேரம் வியர்த்து வியர்த்துத் தட்டினான். ஃபோன் வாய் நிறையக் கூழை வைத்துக்கொண்டு பேசுவது போல உளறியது. பேரப்பிள்ளைகள் உருண்டு உருண்டு சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

அதற்குப் பிறகு வீட்டில் அமைதி. ஒரு தட்டு 'ஆமாம்', இரண்டு தட்டு 'இல்லை' என்று வைத்துக்கொண்டோம். அவன் நாற்காலிக் கையைத் தட்டுவான், நான் கேள்வி கேட்பேன். கேட்டால்தானே பதில் சொல்ல முடியும்? ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் ரேடியோவில் தேவாலயப் பாட்டு வைத்தேன். அவனுக்கு அது வேப்பங்காய். தட்டிக்கொண்டே இருந்தான். "பசிக்குதா? குளிருதா? பாத்ரூம் போகணுமா?" என்று ஒவ்வொன்றாகக் கேட்டேன். ரேடியோவை நிறுத்தவா என்று மட்டும் கேட்கவில்லை. அவன் எதற்குத் தட்டினான் என்று எனக்கு நன்றாகத் தெரியும். பாட்டு முடியும்வரை பக்கத்திலேயே உட்கார்ந்து பின்னினேன். அந்த வாரங்களில் நான் சந்தோஷமாக இருந்தேன். இதை யாரிடமும் மறைத்ததில்லை.

டுவெய்ன்தான் கெடுத்தான். யாரோ ஒரு சின்ன கம்பெனி மறுபடியும் பட்டன் வைத்துப் புது ஸ்மார்ட்ஃபோன் செய்கிறதாம். ஞாயிறு சாப்பாடு முடிந்து சீட்டாட உட்கார்ந்தபோது பேச்சை எடுத்தான். ஹார்லன் மேஜையின் தலைமாட்டிலேயே சக்கர நாற்காலியில் இருந்தான். பேசாதவனுக்குக் காதும் கேட்காது என்று எல்லோருக்கும் ஒரு நினைப்பு. அதனால் அவனை வைத்துக்கொண்டே பேசினோம்.

"வாங்கலாமா வேண்டாமா, சொல்லுங்க" என்றான் டுவெய்ன்.

"வாங்கிட்டு? காசு குடுத்து வசவு வாங்கவா?" என்றாள் கொலீன். "இப்பத்தான் என் வீட்டுக்காரர் பயப்படாம இந்த வீட்டுக்குள்ள வர்றார்."

"வயித்துவலின்னாகூடச் சொல்ல முடியலியேடி அவரால."

"வயித்துவலிய மட்டும் சொல்ற ஃபோன் இருந்தா வாங்கு. நான் பாதி தர்றேன்."

ஹார்லன் மேஜையைத் தட்டினான். ஒரு தட்டு. கொஞ்சம் பொறுத்து இன்னொரு முறை ஒரு தட்டு. அவன் பக்கம் யாரும் திரும்பவில்லை.

யூக்கர் என்ற சீட்டாட்டத்தில் எல்லோரும் 'பாஸ்' சொல்லிவிட்டால், துருப்பைத் தீர்மானிக்கும் பொறுப்பு சீட்டுப் போட்டவர் தலையில் விழும். அவர் தப்பிக்க முடியாது. ஃபோன் விஷயமும் அப்படித்தான் மேஜையைச் சுற்றி வந்தது. டுவெய்ன் "எனக்குத் தெரியல" என்றான். கொலீன் "என்னைக் கேக்காதீங்க" என்றாள். கடைசியில் இருவரும் என்னைப் பார்த்தார்கள். தினமும் கேட்கப்போவது நான்தானே.

"டொரான்டோவுல ஒரு கடையில கிடைக்குதும்மா. ஒரு மாசத்துக்குள்ள திருப்பிக் குடுக்கலாம், ஒரு கேள்வி கேக்க மாட்டான்" என்றான் டுவெய்ன். "வச்சுப் பாரு. ஒத்துவரலேன்னா திருப்பிடலாம்."

"பெட்டி கிழியாம இருக்கணும்" என்றாள் கொலீன்.

"கிழியாது" என்றேன். ஹார்லனைப் பார்த்துத்தான் சொன்னேன். "கேட்டுதா ஹார்லன்? ஒரு மாசம். உன் வாய் எப்படி இருக்குன்னு பார்த்துட்டு முடிவு பண்றேன்."

அவன் மேஜை விரிப்பையே பார்த்துக்கொண்டிருந்தான். அதில் என்ன தெரிந்ததோ.

அடுத்த வாரம் ஃபோன் வந்தது. பெட்டியைக் குளிர்சாதனப் பெட்டியின் மேல் வைத்தேன். டுவெய்ன் அதே பெண் குரலைப் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். ஹார்லன் ஃபோனை வாங்கி வெகுநேரம் பட்டன்களைத் தடவிக்கொண்டிருந்தான். கண்ணில் நீர் வந்தது. பிறகு கட்டைவிரல்கள் ஓட ஆரம்பித்தன. வரட்டும் வசவு, நாளைக்கே டொரான்டோவுக்கு அனுப்பிவிடலாம் என்று கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

"நன்றி, வெர்னா" என்றது அந்தக் குரல்.

கல்யாணமான நாளிலிருந்து அவன் வாயிலிருந்து நான் அந்த வார்த்தையைக் கேட்டதில்லை.

அன்று முதல் வீட்டில் வேறொரு மனிதன் குடியேறினான். முட்டை நன்றாக இருந்ததாம். போர்வை கதகதப்பாக இருந்ததாம். என் தலைமுடி வாசனையாக இருக்கிறதாம். புலி பசித்தாலும் புல்லைத் தின்னாது என்பதெல்லாம் சும்மா. பசிக்கிற விதமாகப் பசித்தால் புலி புல்லைத் தின்றுவிட்டு, இன்னும் கொஞ்சம் கிடைக்குமா என்று கேட்கும்.

எனக்குப் புரியாமல் இல்லை. அவன் குடுமி என் கையில். வாயைத் திறந்து ஒரு தப்பு வார்த்தை சொன்னால் அந்த வாயே பெட்டிக்குள் போய்விடும். அவனுக்கும் அது தெரிந்திருந்தது. எப்போதாவது அவன் விரல்கள் வேகமெடுத்தால், நான் எழுந்துபோய்க் குளிர்சாதனப் பெட்டிமேல் இருந்த பெட்டியைத் தூசி தட்டுவது போல ஒரு குலுக்குக் குலுக்குவேன். உள்ளே அட்டைத்துண்டு சலசலக்கும். விரல்கள் நின்றுவிடும். தட்டியதை அழித்துவிட்டு வேறு தட்டுவான். "இன்னைக்கு வெயில் நல்லா அடிக்குது இல்ல?" என்று கேட்கும் குரல். வெளியே பனி கொட்டிக்கொண்டிருக்கும்.

ஒருநாள் காபியில் சர்க்கரைக்குப் பதில் உப்பைப் போட்டேன். கை தவறிப் போடவில்லை. இரண்டு கரண்டி, அளந்துதான் போட்டேன். அவன் ஒரு வாய் குடித்தான். முகம் சுருங்கி விரிந்தது. கோப்பையைக் கீழே வைக்காமல் கடைசிச் சொட்டுவரை குடித்தான்.

"எப்படி இருக்கு?"

"அருமை. நன்றி, வெர்னா."

அன்று மாலை நான் எனக்காக ஒரு பட்டர் டார்ட் இனிப்பு செய்து, ஜன்னலோரம் உட்கார்ந்து தனியாகத் தின்றேன். அவ்வளவு ருசியாக நான் எதையும் தின்றதில்லை.

பிள்ளைகளுக்கும் பழம் நழுவிப் பாலில் விழுந்த கதைதான். கொலீனின் வீட்டுக்காரனிடம், "என் பொண்ணு குடுத்து வச்சவ" என்றது ஃபோன். அவன் காதுவரை சிவந்துபோனான். வாசல் பனியைத் தள்ளிவிட்டு உள்ளே வந்த டுவெய்னிடம், "நீ நல்ல பிள்ளைடா, உன்னை நினைச்சா எனக்குப் பெருமையா இருக்கு" என்றது. டுவெய்ன் பூட்ஸைக் கழற்றாமல் அப்படியே நின்றான். நாற்பதை நெருங்குகிறவன். முகம் சின்னப் பையன் முகமாகிவிட்டது.

அதற்கடுத்த ஞாயிற்றுக்கிழமை சமையலறையில் பாத்திரம் துடைத்துக்கொண்டே டுவெய்ன் சொன்னான், "அம்மா, தேதி தாண்டிடுச்சு. இனிமே கடையில வாங்க மாட்டான். பெட்டியத் தூக்கிப் போடு."

ஹார்லன் முன்னறையில் ரேடியோவில் ஹாக்கி ஆட்டம் கேட்டுக்கொண்டிருந்தான். நான் கதவைச் சாத்தினேன்.

"அவன்கிட்ட சொல்லாதே. கடைக்காரன் இன்னும் ஒரு மாசம் தவணை குடுத்திருக்கான்னு சொல்லி வச்சிருக்கேன்."

டுவெய்ன் சிரித்தான். நான் சிரிக்கவில்லை என்று கண்டதும் அவன் சிரிப்பும் நின்றது. "பாவம்மா. தினமும் பயந்துக்கிட்டு இருக்கார்."

"நானும்தான் இருந்தேன். நாப்பத்தஞ்சு வருஷம். எவன் வந்து எனக்குத் தேதி சொன்னான்?"

அவன் ஒரு தட்டை எடுத்து, துடைத்ததையே மறுபடி துடைத்தான்.

"உனக்கென்ன, போய்ச் சொல்லிக்கோ" என்றேன். "ஃபோன் உங்களோடதுதான்பா, இனி இஷ்டம்போல பேசலாம்னு சொல்லு. அடுத்த வாரம் நீ பனி தள்ளிட்டு வரும்போது உன்னை என்னன்னு கூப்பிடறார்னு கேளு."

டுவெய்ன் தட்டை அடுக்கில் வைத்தான். முன்னறையில் யாரோ கோல் போட்ட சத்தம் கேட்டது. "சரி" என்றான். "நான் சொல்லல." போகும்போது அப்பாவின் தோளைத் தொட்டுவிட்டு, அந்தக் குரல் ஏதாவது சொல்லுமா என்று கொஞ்ச நேரம் நின்றான். சொன்னது. சந்தோஷமாகப் போனான்.

ஹார்லனின் இடது காலுக்கு ஒரு பிளாஸ்டிக் தாங்கி உண்டு. கணுக்கால் மடங்காமல் இருக்கக் காலையில் பட்டி இழுத்துக் கட்டவேண்டும். தினமும் நான்தான் கட்டுவேன். "இறுக்கமா இருக்கா?" என்று கேட்பேன். "சரியா இருக்கு, நன்றி" என்று வரும். கேட்டாயிற்று, பதிலும் வந்தாயிற்று, மேலே என்ன செய்ய?

மாதம் ஒருமுறை வரும் நர்ஸ் ரொசெல் வந்து தாங்கியைக் கழற்றினாள். காலுறை கழற்ற வரவில்லை. தண்ணீர் தொட்டு ஊறவைத்து உரித்தாள். கணுக்காலின் உள்பக்கம் ஒரு காசளவு சதை இல்லை. சுற்றிலும் சிவந்து சீழ் கட்டியிருந்தது. வாடை அடித்தது.

"ஐயோ, தாத்தா! இது ஒருநாள் ரெண்டுநாள்ல வந்தது இல்ல. கையில ஃபோன வச்சுக்கிட்டு ஏன் சொல்லாம இருந்தீங்க?"

விரல்கள் மெதுவாக நகர்ந்தன. "பெரிசா ஒண்ணும் இல்ல. வெர்னா நல்லாப் பார்த்துக்கறா."

"இவரை மாதிரி ஒரு நோயாளி எனக்குக் கிடைச்சதே இல்லம்மா" என்றாள் ரொசெல். "மத்த வீட்டுல எல்லாம் காது கிழியத் திட்டுவாங்க." மருந்தும் துணியும் வைத்துக் கட்டினாள். தினமும் மாற்றவேண்டும் என்று எனக்குச் செய்துகாட்டினாள். காலை இழந்துவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள் என்று வாசலில் தனியாகச் சொல்லிவிட்டுப் போனாள்.

எனக்குத் தெரியாது என்று சொன்னால் பொய். காலுறையை உரித்தபோது நான் பார்த்தேனே. பட்டியை அப்படி இழுத்துக் கட்டியது இந்தக் கைதானே.

மறுநாள் காலை தரையில் உட்கார்ந்து அவன் காலை என் மடியில் எடுத்து வைத்துக்கொண்டேன். துணி புண்ணோடு ஒட்டியிருந்தது. ரொசெல் சொன்னபடி நனைக்கவேண்டும். நனைத்தேன், ஆனால் ஊறும்வரை பொறுக்கவில்லை. ஓரத்தைப் பிடித்து இழுத்தேன். கால் என் மடியில் துள்ளியது. ஹார்லனின் நெற்றியில் வியர்வை பூத்தது. வாய் திறந்து, சத்தம் வராமல் மூடியது. கட்டைவிரல்கள் பட்டன்களைத் தேடின.

"வலிக்கல" என்றது தேன் குரல். "ரொம்ப மெதுவாப் பண்றே. நன்றி, வெர்னா."

நான் அண்ணாந்து பார்த்தேன். அவன் பார்வை என் தலைக்கு மேல் எங்கேயோ இருந்தது. மறுபடி தட்டினான்.

"ஃபோன் விஷயம்... முடிவு பண்ணிட்டியா?"

ஃபோன் உன்னோடதுதான் ஹார்லன். அவ்வளவு சொன்னால் போதும். நாக்கு நுனிவரை வந்துவிட்டது. சொன்னால் இந்தக் கால் பிழைக்கும், நாளைக்கே பட்டி இறுக்கம் என்று சொல்லுவான். அதோடு என்னையும் சொல்லுவான், என் சமையலையும், என் அக்காவையும். அந்த நன்றி மறுபடி என் காதில் விழாது.

"இன்னும் இல்ல ஹார்லன்" என்றேன். "இதெல்லாம் நல்லா யோசிச்சுத்தான் முடிவு பண்ணணும்."

"சரி" என்றது குரல். "நன்றி."

துணியின் அடுத்த ஓரத்தைப் பிடித்தேன்.