பச்சை டேப்

லேபிள் அச்சக முதலாளியின் அறையில் அன்று ஐந்து பேர் இருந்தார்கள். மேசைக்குப் பின்னால், சாய்ந்தால் கிரீச்சிடும் சுழல் நாற்காலியில் முதலாளி. அவருக்கு வலப்பக்கம், ஜன்னலை ஒட்டி, மருந்துக் கம்பெனியிலிருந்து விசாரிக்க வந்த அதிகாரி. மடியில் பையை வைத்து, யாரோ பிடுங்கிக்கொண்டு ஓடிவிடப் போவதுபோல அதன்மேல் இரண்டு கைகளையும் ஊன்றியிருந்தார். எதிரில் கிடந்த பெஞ்சில் லேபிள் மெஷின் ஆபரேட்டர். அவர் தோளை இடித்துக்கொண்டு மெக்கானிக். மெக்கானிக் வேறு யாருமில்லை, ஆபரேட்டரின் தங்கை புருஷன். அந்தத் தங்கை அதே அச்சகத்தில் ரீவைண்டிங் மேசையில் இருப்பவள். பெஞ்சில் இடம் இருந்தும் உட்காராமல் கதவோரம் ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

ஆறாவதாக ஒருத்தி இருந்திருக்க வேண்டும். அவளுக்கு யாரும் நாற்காலி போடவில்லை, கூப்பிடவும் இல்லை. பேக்கிங்கில் வேலை செய்யும் அந்த அம்மா வெளியே, கேட்டில், காவல்காரர் கூண்டு ஓரமாக நின்றுகொண்டிருந்தாள். சோடாபுட்டிக் கண்ணாடி போட்டிருந்ததால் கண்ணாடியம்மா என்றுதான் எல்லோரும் கூப்பிடுவார்கள்.

“செத்துப்போன குழந்தைக்கு நாலு வயசு,” என்றார் அதிகாரி. “காய்ச்சல் மருந்து பாட்டில்ல நூத்தி இருபது மில்லிகிராம்னு லேபிள். உள்ளே இருந்தது இருநூத்தம்பது. அம்மாக்காரி லேபிளைப் பார்த்து அளந்துதான் கொடுத்திருக்கா. அவமேல தப்பே இல்ல.”

முதலாளியின் நாற்காலி ஒருமுறை கத்தியது.

“அந்த ரோல்ல ஆரம்பத்துல இருந்த லேபிளெல்லாம் நூத்தி இருபது. அப்புறம் வந்தது பூரா இருநூத்தம்பது. இது எப்படி நடந்துச்சுன்னு எனக்கு வேணும். ஒவ்வொருத்தரும் அவங்கவங்க கைப்பட எழுதி, ரிஜிஸ்டர் தபால்ல நேரா எங்க விசாரணை ஆபீசுக்கு அனுப்பிடுங்க. யார் மூலமாவும் வேண்டாம்.”

எப்படி நடந்தது என்பது ஆபரேட்டருக்குத் தெரியும். அவருடைய தொழிலில் இருப்பவர்களுக்கு மட்டுமே வாய்க்கக்கூடிய தவறு அது.

அந்த மெஷின் ஒரு நிமிடத்தில் ஒரு தெரு நீளத்துக்கு லேபிள் அடித்துத் தள்ளும். தாள் இருபது இருபத்தைந்து உருளைகளுக்கு மேலும் கீழுமாகப் பாம்புபோல வளைந்து ஓடும். ஒரு வேலை முடிந்து அடுத்ததற்கு மாறும்போது அத்தனை உருளையிலும் புதுத் தாளைக் கையால் கோர்ப்பதென்றால் இடுப்பு ஒடிந்துவிடும். அதனால் பழைய தாளை உருவ மாட்டார்கள். அதன் வாலில் புதுத் தாளின் தலையை ஒட்டிவிட்டு மெஷினை ஓட்டுவார்கள். பழையது புதியதை இழுத்துக்கொண்டு போகும். போகிற பழைய தாளில் முந்தைய வேலையின் லேபிள்கள் இருக்கும். அவை புது ரோலின் அடியில் போய்ச் சுற்றிக்கொள்ளும். ரீவைண்டிங் மேசையில் அந்த ரோலைப் பிரித்துத் திரும்பச் சுற்றும்போது கடைசியாக அந்த ஒட்டு வரும். அங்கே நிறுத்தி, அதற்குப் பின்னால் இருப்பதை வெட்டிக் குப்பையில் போட வேண்டும். வெட்டாவிட்டால், திரும்பச் சுற்றிய ரோலில் அவைதான் வெளிச்சுற்றில், முதலில் வரும்.

வெட்ட வேண்டிய இடம் தெரிவதற்குச் சிவப்பு டேப். நடுவில் தாள் அறுந்து, வெறுமனே ஒட்டுப்போட்ட இடத்துக்குப் பச்சை டேப். சிவப்பு என்றால் வெட்டு, பச்சை என்றால் விடு. எங்கும் எழுதி ஒட்டியிருக்கவில்லை. வேலைக்கு வந்த முதல் வாரத்திலேயே கைக்குப் பழகிவிடுகிற விஷயம்.

அந்த ரோல் அடித்த அன்றைக்குச் சிவப்பு டேப் தீர்ந்துபோயிருந்தது. ஆபரேட்டர் ஸ்டோரில் கேட்டார், நாளைக்கு வரும் என்றார்கள். நாளை வரை மெஷினைச் சும்மா நிறுத்த முடியுமா? பச்சையைக் கிழித்து ஒட்டினார். ஒட்டிவிட்டு ரீவைண்டிங் மேசைக்குப் போய்த் தங்கையிடம், “அடியில பச்சை வரும். அதைச் சிவப்புன்னு நெனச்சுக்கோ,” என்றார். “சரிண்ணே,” என்றாள். அப்போது அவள் போன் அடித்தது. மகனுக்குக் காய்ச்சல், கூட்டிப்போக வரச் சொல்லிப் பள்ளியிலிருந்து கூப்பிட்டார்கள். அவள் ஓடினாள். கண்ணாடியம்மாவை அந்த மேசையில் உட்கார வைத்தார்கள். ரோலின் அடியில் பச்சை வந்தது. பச்சை என்றால் விடு. அவள் விட்டாள்.

இரண்டு லேபிளுக்கும் ஒரே நீலம், ஒரே எழுத்து. வித்தியாசம் அந்த எண்ணில் மட்டும்தான். மெஷினில் இருக்கும் கேமரா, அச்சு ஒழுங்குக்கு வந்த பிறகுதான் பார்க்கத் தொடங்கும். முன்னால் ஓடிப்போன பழைய தாள் அதன் கண்ணில் படாது. டேப்போ, லேபிள் உரிந்த வெறுந்தாளோடு மருந்துக் கம்பெனியின் குப்பைக்குப் போயாகிவிட்டது.

அதிகாரியை வாசல்வரை கொண்டுபோய் விட்டுவிட்டு முதலாளி திரும்பி வந்தார். உட்காரவில்லை.

“பச்சை, சிவப்புன்னு யாரும் கதை எழுத வேண்டாம். சிவப்புதான் ஒட்டினோம். அந்தம்மாவுக்குக் கண்ணு தெரியல. மேசையில உட்கார வெச்சது நம்ம தப்புன்னு ஒரு வரி நானே எழுதிடறேன். அவ சாயங்காலம் வந்து கையெழுத்துப் போடறா. பேசியாச்சு.”

“அவங்களுக்கு என்ன ஆகும்?” என்றார் ஆபரேட்டர்.

“ஸ்டேஷனுக்குக் கூப்பிடுவாங்க. வக்கீல் வெச்சுப் பார்த்துக்கலாம்.” எந்த வக்கீல், யார் வைப்பது என்று முதலாளி சொல்லவில்லை. அதிகாரியைச் சாப்பிட அழைத்துப்போக வேண்டும் என்று கார் சாவியை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ஆபரேட்டர் தண்ணீர் குடிக்க வாசல் கேட் பக்கம் போனார். கண்ணாடியம்மா அவரைப் பார்த்ததும் இரண்டு எட்டு முன்னால் வந்தாள்.

“அண்ணே, ஒண்ணு கேக்கணும். கண்ணை மூடினா அந்த டேப்தான் வருது. பச்சையாத்தான் வருது. ஆனா முதலாளி சிவப்புங்கறாரு. அவ்வளவு பெரிய மனுஷன் எதுக்குப் பொய் சொல்லப்போறாரு. அப்ப என் கண்ணுதானேண்ணே பொய் சொல்லியிருக்கணும்?”

அவர் வாயில் பதில் இருந்தது. டம்ளரும் கையில் இருந்தது.

“சாப்டீங்களா?” என்றார்.

“எறங்கலண்ணே. ஒரு புள்ளையக் கொன்னுட்டு எப்படி எறங்கும்.”

அவர் தண்ணீர் குடிக்காமலே உள்ளே வந்தார்.

மெஷின் நின்றுகிடந்தது. அதிகாரி பார்த்துப் போகும்வரை ஓட்டக் கூடாது என்பதால் மெக்கானிக் மை உருளைகளைக் கழற்றி வரிசையாகப் படுக்க வைத்திருந்தார். அந்த உருளையின் மேல் கண்ணுக்குத் தெரியாத குழிகள் லட்சக்கணக்கில் உண்டு. மை அதில் காய்ந்து அடைத்துக்கொண்டால் அச்சு வெளிறிப்போகும். ஆபரேட்டர் கரைப்பானில் துணியை நனைத்துத் தேய்க்க உட்கார்ந்தார்.

“மச்சான், அதுல உங்க மூஞ்சி தெரியறவரைக்கும் தேய்க்கப்போறீங்களா?” என்றார் மெக்கானிக். “வேண்டாம், பயந்துருவீங்க.”

மற்ற நாளாயிருந்தால் இதற்கு ஒரு பதில் வந்திருக்கும். இன்று ஆபரேட்டர் துணியை மறுபடி கரைப்பானில் முக்கினார். மெக்கானிக் ஸ்பேனரைக் கீழே வைத்தார்.

“பச்சைன்னு எழுதப்போறீங்க. அதானே?”

“ஆமா மாப்ள.”

“எழுதுங்க. வேண்டாம்னு சொல்லல. அந்தம்மா தலையில கல்லைப் போட்டுட்டு நமக்கும் சோறு எறங்காது. ஆனா பச்சைன்னு எழுதினா அடுத்த கேள்வி என்ன? யார்கிட்டச் சொன்னே. உங்க தங்கச்சிகிட்டச் சொன்னேன்னு எழுதுவீங்க. உங்க பாரம் பாதியா குறையும். மீதிப் பாதி யார் தலைக்கு வரும்?”

“அவகிட்டச் சொன்னது நிஜம்தானே.”

“நிஜம்தான். யார் இல்லேன்னது? அவதான் இன்னைவரைக்கும் எங்கிட்ட ஒத்துக்கல. ராத்திரி எழுந்து உக்காந்துக்கறா. கேட்டா மெஷின் சத்தம் காதுல கேக்குதுங்கறா.” அவர் குரல் தாழ்ந்தது. “மச்சான், அவளை போலீஸ் வாசல்ல நிறுத்திப் பாக்க எனக்குத் தெம்பில்ல. அவ்வளவுதான் சொல்லுவேன். அப்புறம் உங்க இஷ்டம்.”

ஆபரேட்டர் கையைத் துடைத்தார். லேபிளைச் சரிபார்க்கும் கண்ணாடி மேசையில் ஒரு வெள்ளைத்தாளை வைத்து, அடியில் இருந்த விளக்கைப் போட்டார். இடது ஓரத்தில் விளிம்பு விட்டு மடித்தார். அனுப்புநர், பெறுநர், பொருள். தேதி. பிறகு நடந்ததை நடந்த வரிசையில் எழுதிக்கொண்டு வந்தார். சிவப்பு டேப் தீர்ந்தது. ஸ்டோரில் கேட்டது. தானே, தன் கையால், பச்சையை ஒட்டியது. ரீவைண்டிங் மேசையில் இருந்த பேக்கிங் ஊழியர் பார்த்தது பச்சை நிறம்தான் என்பதும், பச்சையை வெட்டாமல் விடுவதே அச்சகத்தின் வழக்கம் என்பதும், அவர் வழக்கப்படிதான் செய்தார் என்பதும். அதுவரை பேனா தயங்கவில்லை. அடுத்த வரியின் முதல் எழுத்தில் நின்றுவிட்டது.

தங்கை வந்து பக்கத்தில் நின்றாள். விளக்கின் வெளிச்சம் கீழேயிருந்து அடித்ததில் அவள் முகம் வேறு யாருடையதோ போலிருந்தது.

“நீ சொன்னேண்ணே,” என்றாள். “நல்லா ஞாபகம் இருக்கு. பச்சை வரும், சிவப்புன்னு நெனச்சுக்கோன்னே. நான் சரின்னேன். பையனைத் தூக்கிட்டு ரிக்‌ஷாவுல போறப்போகூட ஞாபகம் இருந்துச்சு. போன் பண்ணிச் சொல்லணும்னு நெனச்சேன். அவனுக்கு உடம்பு அனலாக் கொதிச்சுது. அப்புறம் போயிடுச்சு.”

“சரி விடு.”

“விடச் சொல்லாதே. திட்டு.”

அவர் திட்டவில்லை. அவளும் எதையும் கேட்கவில்லை. என்னைக் காப்பாற்று என்றோ, என் பெயரை எழுது என்றோ ஒரு சொல் வரவில்லை. மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு தாளையே பார்த்தபடி நின்றாள். அவர் கொஞ்ச நேரம் காத்திருந்தார். தன் பெயரை எழுதச் சொல்லி அவளே கேட்பாளா என்றுதான். அது வராது என்று தெரிந்ததும் குனிந்து எழுதினார். ‘பச்சை டேப் ஒட்டிய விஷயத்தை நான் யாரிடமும் சொல்லவில்லை.’

அவள் அந்த வரியைப் படித்தாள். இரண்டாம் முறையும் படித்தாள்.

“சொல்லலைன்னா வேணும்னே மறைச்ச மாதிரி இருக்குண்ணே,” என்றாள் மெல்ல. “சொல்ல மறந்துட்டேன்னு எழுது. அதுன்னா கொஞ்சம் தண்டனை குறையும்.”

மெக்கானிக் உருளைகளுக்கு நடுவில் இருந்தபடியே தலையைத் திருப்பிக்கொண்டார்.

ஆபரேட்டர் அடித்துத் திருத்தவில்லை. திருத்தல் உள்ள கடிதத்தை விசாரணையில் மதிக்க மாட்டார்கள். வேறு தாள் எடுத்து முதலிலிருந்து எழுதினார், அதே விளிம்பு, அதே வரிசை. கடைசியில், ‘சொல்ல மறந்துவிட்டேன். இதற்கு நான் ஒருவனே பொறுப்பு.’ கையெழுத்துப் போட்டார். பழைய தாளைக் கிழித்துக் கழிவுக் கூடையில் போட்டாள் தங்கை.

தபால் நிலையத்துக்கு அண்ணனும் தங்கையும் நடந்தே போனார்கள். கேட்டில் கண்ணாடியம்மா இன்னும் நின்றிருந்தாள்.

“சாயங்காலம் எதுலயும் கையெழுத்துப் போடாதீங்க,” என்றார் ஆபரேட்டர். “நீங்க பார்த்தது பச்சைதான். ஒட்டினவன் நான். உங்ககிட்டச் சொல்ல மறந்துட்டேன்னு எழுதிட்டேன்.”

அவள் கண்ணாடியைக் கழற்றினாள். கழற்றிய முகம் சின்னதாக, வெறுமையாக இருந்தது. “பச்சைதானா,” என்றாள். “பச்சைதானே அப்ப.” முகத்தில் ஒரு தெளிவு வந்து, வந்த வேகத்திலேயே வெட்கப்பட்டுக்கொண்டு போனது. “உங்களுக்கு யாராவது சொல்லியிருக்கக் கூடாதாண்ணே, மறந்துட்டீங்கன்னு.”

தங்கை தெருவின் அந்தப் பக்கம் எதையோ பார்த்துக்கொண்டிருந்தாள்.

தபால் நிலையத்தில் கூட்டமில்லை. ஓரத்தில் பசைக் கிண்ணமும், பாதி முடி உதிர்ந்த பிரஷும் இருந்தன. ஆபரேட்டர் கடிதத்தை மூன்றாக மடித்து உறைக்குள் வைத்தார். பசை தொடப் போனவரிடமிருந்து தங்கை உறையை வாங்கிக்கொண்டாள். வாய்ப்பகுதி முழுக்க ஓரம் விடாமல் பசை தடவி, மடக்கி, கட்டைவிரலால் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை அழுத்தித் தேய்த்தாள். தேய்த்த பிறகும் கொஞ்ச நேரம் விரலை எடுக்கவில்லை.

“உள்ள என்ன?” என்றார் கவுண்டரில் இருந்தவர்.

“கடுதாசிதான்,” என்றாள் அவள்.

அவர் எடை போட்டு, தபால்தலை ஒட்டி, முத்திரையை இரண்டு முறை குத்தி, திரும்பிப் பாராமல் பின்னால் திறந்துகிடந்த சாக்கில் எறிந்தார்.