தொங்குபாலத்தில் இரட்டைச் சக்கரம்

"வண்டி உன்ன விழ விடாதுக்கா. நீ பாட்டுக்கு நில்லு, மத்தத அது பாத்துக்கும்லா" என்றான் அஸ்வான்.

கலாதேவிக்கு அது தெரியாதா என்ன? கோப்பெங் பக்கத்துப் பழைய கித்தா ரப்பர்த் தோட்டத்தை அஸ்வான் உல்லாசப் பூங்காவாக்கிய நாளிலிருந்து, ஈப்போவிலிருந்து வருகிறவர்களை இந்த வண்டிகளில் ஏற்றிச் சுற்றிக்காட்டுவதுதான் அவள் வேலை. நின்றபடி ஓட்டும் இரட்டைச் சக்கர வண்டி. முன்னால் சாய்ந்தால் முன்னால் ஓடும். பின்னால் சாய்ந்தால் நிற்கும், இன்னும் சாய்ந்தால் பின்வாங்கும். செம்மண் பாதையில் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவாள். இன்று ஓட்ட வேண்டியதோ ஆற்றின் மேல் ஆடும் தொங்குபாலத்தில்.

வண்டி போனால் பாலம் பிழைக்கும். கம்பி மாற்றி, புதுப் பலகை போட்டு, அக்கரை வரை சவாரி விடுவதாக அஸ்வான் வாக்குக் கொடுத்திருந்தான். போகாவிட்டால் அதை அறுத்தெறிந்துவிட்டுக் கீழே கான்கிரீட் பாலம். லயத்து வீடுகள் இடிந்து, பால்மரங்கள் போய், பால் சேர்க்கும் ஸ்டோர் இருந்த இடத்தில் கார்கள் நிற்கின்றன. அவள் பிறந்து வளர்ந்த தோட்டத்தில் மிச்சம் இது ஒன்றுதான்.

அதிலும் இது வெறும் பாலமா? தோளில் காண்டா கம்பு, இரு முனையிலும் பால் வாளியுமாக அவள் வரும்போதெல்லாம், அக்கரைக் கல்லில் ஏறி நின்று கம்பியைப் பிடித்து ஆட்டுவான் தனேஸ்வரன்.

"பால் சிந்துச்சுன்னா, மண்டோர்கிட்ட உன் பேரத்தான் சொல்லுவேன்!" என்று மேஸ்திரியைச் சொல்லி மிரட்டுவாள்.

"சொல்லு, அப்படியே உங்கப்பாகிட்டயும் சொல்லு!"

ஒரு நாள் அப்பாவிடம் சொல்லியே விட்டாள். கல்யாணம் நடந்தது. தோட்டம் மூடியதும் ஜெலாப்பாங்கில் தொழிற்சாலை வேலை, பிள்ளைகள், அவர்கள் படிப்பு. எல்லாவற்றையும் கரையேற்றிவிட்டுப் போன வருடம் போய்ச் சேர்ந்தான் மனுஷன்.

தலைக்கவசத்தை இறுக்கிக்கொண்டு வண்டியைப் பாலத்தில் ஏற்றினாள். கொஞ்ச தூரம்தான் போயிருப்பாள். காலடியில் பலகை தாழ்ந்தது. உடனே அவள் முழங்கால் தானாக மடிந்தது; இடுப்பு பின்னால் போனது. வாளியில் பால் தளும்பாமலிருக்கத் தோட்டத்து உடம்பு கற்ற வித்தை அது. வண்டிக்கு அதெல்லாம் தெரியுமா? பின்னால் சாய்கிறாள், அப்படியென்றால் பின்னால் போகச் சொல்கிறாள் என்று எடுத்துக்கொண்டு பின்வாங்கியது. பதறி முன்னால் சாய்ந்தாள், முன்னால் பாய்ந்தது. அது பாயப் பாயப் பாலம் குலுங்கியது; பாலம் குலுங்கக் குலுங்க அது மேலும் பாய்ந்தது. கம்பியைப் பற்றி இறங்கிக்கொண்டாள்.

"என்னக்கா, பேய் புடிச்ச மாதிரி முன்னயும் பின்னயும் ஓடுது?"

"பேய் வண்டிக்கு இல்ல தம்பி, என் இடுப்புக்கு! இன்னும் பால் தூக்கிக்கிட்டு இருக்கு."

அஸ்வான் விழுந்து விழுந்து சிரித்தான்.

இரண்டாம் முறை விறைத்த கட்டையாக நின்றாள். பலகை தாழ்ந்தது, முழங்கால் கெஞ்சியது, விடவில்லை. நடுப்பாலத்தில் பலகை உதைத்ததில் ஒரு சக்கரம் அந்தரத்தில் எழும்பி 'விர்'ரென்று சுழன்றது. அது பலகையைத் தொட்டதும் கைப்பிடி வெடுக்கென்று திரும்ப, பக்கக் கம்பி முழங்கையைச் சிராய்த்தது. பல்லைக் கடித்துக்கொண்டு அக்கரை சேர்ந்தாள்.

இக்கரையில் நின்ற அஸ்வானுக்குத் தெரிந்ததெல்லாம் அவள் முதுகும், அவள் போய்ச் சேர்ந்ததும்தான். இரண்டு கையையும் தூக்கி ஆட்டினான். "அக்கா! போலேயா?"

முடியுமா என்று கேட்கிறான். 'போலே' என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவள் பேச்சை அவன் தட்டமாட்டான்.

கலாதேவி திரும்பிப் பார்த்தாள். அவள் இறங்கிய பிறகும் வெற்றுப் பாலம் அடங்காமல் ஆடிக்கொண்டிருந்தது. ஒரு வண்டிக்கே இந்த ஆட்டம். நாலு பிள்ளைகள் சிரித்துக்கொண்டே வரிசையாக ஏறினால்?

"தாக் போலே!" என்று கத்தினாள். "முடியாது தம்பி! வேணாம்!"

அஸ்வான் நடந்தே அக்கரைக்கு வந்தான். "நீதான் வந்துட்டியேக்கா! நான் பாத்தேனே."

"சக்கரம் தூக்குனத நீ பாக்கல. தரை அசையாதுன்னு நம்பிச் செஞ்ச வண்டி இது. தரையே ஆடுனா அது என்ன செய்யும், பாவம்? புள்ளைங்க விழுந்துரும்."

அவன் அவள் முழங்கையைப் பார்த்தான்.

"அப்ப பாலத்த அறுத்துதான் ஆவணும்க்கா. தெரியும்ல?"

"தெரியும்."

"பேசாம 'போலே'ன்னு சொல்லியிருக்கலாம்."

"சொல்லியிருக்கலாம்" என்றாள் கலாதேவி. ஆற்றைப் பார்த்துக்கொண்டே தலைக்கவசத்தைக் கழற்றினாள்.

வண்டியை அணைத்தார்கள். அணைந்ததும் அதற்கு நிற்கவே தெரியவில்லை, பொத்தென்று சாய்ந்தது. ஆளுக்கொரு பக்கம் பிடித்துத் தூக்கிக்கொண்டு பாலத்தில் இறங்கினார்கள்.

"அலாமாக், என்னா கனம்! சீக்கிரம் நடக்கா, கை விட்டுப்போவுது" என்றான் அஸ்வான்.

"மெல்லப் போலாம் தம்பி" என்றாள் அவள். "எனக்கு ஒண்ணும் அவசரம் இல்ல."