முதல் வரிசை

மாணிக்கராசா சேர் பிளேன்டிக் கோப்பையைத் தொடவில்லை.

"குடிங்க சேர், ஆறிப் போகுது" என்று லேயாள் இரண்டாம் தரமும் சொல்லிப் பார்த்தாள்.

"இப்பதான் புள்ள வீட்ட குடிச்சிட்டு வந்தன்" என்றார் அவர். கதிரையின் நுனியில், எந்த நேரமும் எழும்பி ஓடத் தயாரானவர்போல இருந்தார். முன்பெல்லாம் அவர் வந்தால் சந்திக் கடையில் சோடா வாங்கி, அவர் கண்முன்னாலேயே மூடியை உடைத்துக் கொடுப்பார்கள். அதைக் குடிப்பார். மூடி போட்ட போத்தலுக்குச் சாதி கிடையாது, அந்த வீட்டுக் கோப்பைக்குத்தான் உண்டு. இன்றைக்கு ஏனோ லேயாளுக்குச் சோடா வாங்க மனம் வரவில்லை.

அது கட்டாடி வீடு. கல்முனைப் பசாரின் பின்தெருவில், முன்பக்கம் லோன்றி, பின்பக்கம் குடியிருப்பு. சபையாரின் கல்யாண வேட்டியிலிருந்து போதகரின் அங்கி, நற்கருணை மேசை விரிப்பு வரை மூன்று தலைமுறையாக வெளுத்துக் கொடுக்கிறார்கள். அந்தக் கை வெளுத்த விரிப்பின்மேல் கர்த்தருடைய பந்தி நடக்கலாம். அந்தக் கையே பந்தி பரிமாறினால்தான் வில்லங்கம்.

சேர் அந்த வில்லங்கத்தைப் பேசத்தான் வந்திருந்தார். ஓய்வுபெற்ற வாத்தியார், சபைச் செயலாளர். லேயாளின் ஒரே மகன் சீலாஸ், கர்த்தர் தன்னை ஊழியத்துக்கு அழைக்கிறார் என்று ஐந்து வருஷமாகச் சொல்லி வருகிறான். இறையியல் கல்லூரிக்குப் போவதென்றால் சொந்தச் சபை கையுயர்த்திச் சிபாரிசு செய்யவேண்டும். இரண்டு தரம் அவனுடைய விண்ணப்பம் எங்கேயோ 'தவறிப்போனது'. நாளை ஞாயிறு, மட்டக்களப்பிலிருந்து தலைமைப் போதகரே வருகிறார். ஆராதனை முடிந்ததும் வாக்கெடுப்பு.

"எல்லாரும் கை உயத்துவம். அதுக்கு நான் பொறுப்பு" என்றார் சேர். "ஒண்டே ஒண்டுதான் புள்ள. நாளைக்கு நற்கருணைக் கிண்ணத்த சீலாஸ்ட கையில குடுத்து, சனத்துக்குக் குடுக்கச் சொல்லியிருக்கார் தலைமைப் போதகர். காய்ச்சலெண்டு சொல்லி அந்த நேரம் மட்டும் அவன் வெளிய நிண்டாச் சரி. கிண்ணத்தப் புடிச்சானெண்டா, மறுகா எனக்குத் தெரியா. ஒரு கையும் உயராது."

"ஏன் சேர்?"

ஏனென்று அவளுக்குத் தெரியாதா? அவர் வாயாலேயே வரட்டும் என்றுதான் கேட்டாள்.

"எனக்கு ஒண்டுமில்ல. நான் இதெல்லாம் பாக்கிறவனில்ல. சனம்தான்."

இந்தச் 'சனம்' என்கிறவர் யார், எந்தத் தெருவில் குடியிருக்கிறார் என்று ஒருவரும் இதுவரை கண்டதில்லை. ஊரில் நடக்கிற அநியாயம் முழுவதையும் அவர்தான் செய்கிறார், பாவம்.

அந்த நேரம் பார்த்து, சாய்ந்தமருதிலிருந்து சல்மா உம்மா மகனுடைய ஜுப்பாவை எடுக்க வந்து நின்றாள். "ரப்பே, என்ன வெயில்!" என்று முந்தானையால் விசிறிக்கொண்டு உள்ளே வந்தவளின் கண் நேரே கோப்பையில் விழுந்தது.

"ஆருக்குப் புள்ள இந்தத் தேத்தண்ணி? வாத்தியார் குடிக்கல்லயா? வீணாப் போகப் போகுது, இஞ்ச கொண்டா."

ஒரே இழுவையில் குடித்துவிட்டு வாயைத் துடைத்தாள். சல்மா உம்மா அப்படியொன்றும் மகானோ அவுலியாவோ இல்லை. ஜுப்பாவின் கழுத்தில் ஒரு சுருக்கம் கிடந்தால் ஊரையே கூட்டுகிறவள். தாகம், தேநீர், குடித்தாள், அவ்வளவுதான்.

"சீனி தூக்கல். ஆனா நல்ல தேத்தண்ணி வாத்தியார், பயப்படாமக் குடிச்சிரிக்கலாம்" என்றாள்.

சேரின் முகம் சுருங்கிப்போனது. "யோசிச்சுச் செய் புள்ள" என்று லேயாளிடம் முணுமுணுத்துவிட்டுக் குடையை எடுத்தார்.

பின்னேரம் சீலாஸ் உடுப்பு மடிக்கும்போது லேயாள் கதையைத் தொடங்கினாள். "ஒரு நாள்தானே மனே. காய்ச்சலெண்டு படுத்திரு. பாஸ்டராகிப் போனா மறுகா உன்ன ஆர் கேக்கப் போறா?"

"கர்த்தர் கூப்பிட்டாரெண்டு நான்தானே சொல்றன்? பொய்க் காய்ச்சலோட அவருக்கு முன்னால எப்பிடியம்மா நிக்கிற?"

"மூண்டாம் தரமும் இது இல்லாமப் போனா உனக்கு வேற வழியில்ல, அது தெரியுமா?"

"தெரியும். ஆனா நான் போற ஊரிலயும் ஒரு மாணிக்கராசா சேர் இரிப்பார். அங்கயும் காய்ச்சலா?"

"வாய் கிழியக் கதைக்காத! சாகுமட்டும் இந்த ஸ்திரிக்கைப் பெட்டியப் புடிச்சிக் கிட!" என்று கத்தினாள். கத்திய பிறகுதான் உறைத்தது: சேர் நாசூக்காகச் சொன்னதைத்தான் பெற்ற தாய் பச்சையாகச் சொல்லியிருக்கிறாள். சீலாஸ் மடித்ததையே மறுபடி மடித்தான். வெட்கத்தில் அவளுக்கு நெஞ்செல்லாம் எரிந்தது.

ஞாயிறு. ஆலயம் நிறைந்திருந்தது.

அந்தச் சபையில் ஒரே வெள்ளிக் கிண்ணம்தான். கொரோனாவோடு வந்த குட்டிக் கிண்ணங்கள் கொரோனாவோடேயே போய்விட்டன. எட்டெட்டுப் பேராக வந்து பீடத்தின் முன் முழந்தாளிடுவார்கள். வரிசை நிறைந்து எல்லோரும் குடித்த பிறகு, "சமாதானத்தோடே போங்கள்" என்று போதகர் சொன்னால் எட்டுப் பேரும் சேர்ந்து எழும்புவார்கள். முதல் வரிசை சேர் குடும்பத்துக்கு. கட்டாடி வீட்டார் எப்போதும் கடைசி. அவர்கள் வாய் வைத்த கிண்ணத்தில் பிறகு எவரும் வாய் வைக்கவேண்டி வராதல்லவா? சபையின் எந்தச் சட்ட யாப்பிலும் இது எழுதப்படவில்லை. பிள்ளைகள் நடை பழகும்போதே இதையும் பழகிவிடுவார்கள்.

தலைமைப் போதகர் அப்பத்தை எடுத்தார். சீலாஸ் கிண்ணத்தை இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டு நின்றான்.

"எல்லாம் ஆயத்தமாயிருக்கிறது, வாருங்கள்."

முன்வாங்கில் உட்கார்ந்திருந்த மாணிக்கராசா சேர் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து மும்முரமாக எதையோ தேடினார். அவர் மனைவியின் மூக்குக் கண்ணாடியில் திடீரென்று தூசு. யாரோ இருமினார்கள். ஒருவரும் எழும்பவில்லை.

"வாருங்கள்" என்றார் தலைமைப் போதகர் மறுபடியும். சேர் இன்னொரு பக்கத்தைப் புரட்டினார்.

கடைசி வாங்கிலிருந்த லேயாள் மகனையே பார்த்தாள். வாக்கும் போச்சு, எல்லாம் போச்சு என்று நினைத்தாள். ஆனால் அவன் கிண்ணத்தைக் கீழே வைக்கவில்லை. நேற்று அவனைப் படுத்திரு என்று சொன்ன வாய் தன்னுடையது. நெஞ்சு பொறுக்கவில்லை அவளுக்கு. எழும்பினாள். தலைகள் எல்லாம் திரும்ப நடுவழியே நடந்து, சேர் வழக்கமாக முழந்தாளிடுகிற அதே இடத்தில் முழந்தாளிட்டாள்.

போதகர் அப்பம் கொடுத்தார். சீலாஸ் குனிந்தான். சொல்லவேண்டிய வசனத்தைச் சொன்னான். லேயாள் கிண்ணத்தில் வாயை நன்றாகப் பதித்துக் குடித்தாள்.

இனி அந்தக் கிண்ணத்தில் குடிக்கிற எவரும் அவளுக்குப் பிறகுதான் குடிக்கவேண்டும்.

தலைமைப் போதகர் வெறுமையாய்க் கிடந்த இரு பக்கத்தையும் பார்த்தார். வரிசை நிறையவில்லை. "சமாதானத்தோடே" என்று தொடங்காமல் வாயை மூடிக்கொண்டார். முப்பது வருஷம் நின்றபடியே ஸ்திரிக்கை போட்ட லேயாளின் முழங்கால், சீமெந்துத் தரையில் விண்விண்ணென்று வலித்தது.

"சேர்" என்றாள் லேயாள், திரும்பிப் பார்க்காமலே. ஆலயம் முழுக்கக் கேட்டது. "இன்னும் ஏழு பேருக்கு இடம் கிடக்கு. ஆறுதலா, அவசரமில்லாம வாங்க. நான் எழும்பமாட்டன்."